சீரம் எதுவரை போகும்?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வருவது கோரிமேடு. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் ஜிப்மர் என்றால் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. இன்றைய வளாகமும் நேருவின் பெயரும் 1964-இல் சேர்ந்தன. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்து பிடித்து வந்து ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் கூட்டத்தில் இதய நோயாளியும் இருப்பார், கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்த பெண்ணும் இருப்பார்.

அந்த ஜிப்மரின் தோல் மருத்துவத் துறையிலிருந்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் முனுசாமி மாலதி, தேவிந்தர் மோகன் தப்பா. வெளியிட்டது இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் ஆய்விதழ். உடம்பு முழுவதும் வெளுக்கும் என்று மாத்திரையும் ஊசியும் தருகிறார்களே, அதற்கு ஆதாரம் என்ன என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருந்தார்கள். அப்போது குளூட்டத்தயோன் என்ற பொருளுக்கு நல்ல கிராக்கி. நம் உடம்பின் செல்களே தயாரித்துக்கொள்ளும் சிறிய மூலக்கூறு அது. அதை வெளியிலிருந்து செலுத்தினால் நிறம் மாறும் என்பது வியாபாரம். அந்த வியாபாரத்துக்குப் பக்கபலமாகக் காட்டப்பட்ட முக்கியமான ஆய்வு, தாய்லாந்தில் 60 மருத்துவ மாணவர்களுக்கு நான்கு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்தது. நிறமி அளவு உடலின் இரண்டு இடங்களில்தான் கணக்கில் கொள்ளத்தக்க அளவுக்குக் குறைந்தது. நான்கு வாரத்தையும் 60 பேரையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டுக்கே ஊசி போட முடியாது. நிறத்தை வெளுக்க வைக்கும் எந்த ஊசிக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றுவரை அனுமதி தந்ததில்லை.

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் இப்போது சொட்டுக்குழல் வைத்த சின்னப் பாட்டிலுக்கு வந்திருக்கிறார்கள். பிரைட்டனிங் சீரம், குளோ சீரம், விட்டமின் சி சீரம் என்று பல பெயர். 30 மில்லி பாட்டில் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை போகிறது. இதில் விஷயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சீரம் வெறும் ஏமாற்று என்று ஒரே போடாகப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் இருக்கும் சில பொருள்கள் என்ன செய்கின்றன என்பது ஆய்வகத்திலும் நோயாளிகளிடமும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது செய்யும் வேலை வேறு, விளம்பரத்தில் வரும் முகம் செய்துகாட்டும் வேலை வேறு.

முதலில் நிறம் எங்கே உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். மேல்தோலின் அடிவரிசையில், சாதாரணத் தோல் செல்களுக்கு இடையிடையே நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கைகள்போல நீண்ட கிளைகள் உண்டு. ஒரு நிறமிச் செல் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு இந்தக் கிளைகள் வழியாக மெலனின் என்ற நிறமியைப் பொதி பொதியாக அனுப்புகிறது. வாங்கிக்கொண்ட செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே குடைபோல விரித்து வைத்துக்கொள்கிறது. உட்கருவில்தான் டி.என்.ஏ. இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

சிவந்த தோல்காரருக்கும் கறுத்த தோல்காரருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பொதிகளில்தான். கறுத்த தோலில் பொதிகள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை, சீக்கிரம் சிதையாதவை. வெளிர் தோலில் சிறியவை, கொத்தாக அடைந்து கிடப்பவை. அமெரிக்காவில் 1979-இல் அளந்து பார்த்தார்கள். சன்ஸ்கிரீன் பாட்டிலில் போடும் எஸ்.பி.எஃப். கணக்கில் சொன்னால் கறுப்பினத்தவரின் மேல்தோலுக்கு 13.4, வெள்ளையரின் மேல்தோலுக்கு 3.4 என்று வந்தது. நம்மூர்த் தோல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும். வங்காள விரிகுடாக் கரையில், 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த சொத்து. அதைத்தான் காசு கொடுத்துக் கரைக்கப் பார்க்கிறோம்.

மெலனின் உருவாகும் முறையும் சுவாரசியமானது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை நிறமிச் செல் எடுத்துக்கொள்கிறது. நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் மீனிலும் இருக்கும் அதே டைரோசின்தான். டைரோசினேஸ் என்ற நொதி அதை முதலில் டோப்பாவாகவும், பிறகு டோப்பாக்வினோனாகவும் மாற்றுகிறது. அதற்குப் பிறகு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தானாகவே மெலனின் ஆகிவிடும். அந்த நொதியின் மையத்தில் இரண்டு செம்பு அணுக்கள் இருக்கின்றன. செம்பு இல்லையென்றால் நொதிக்கு வேலை இல்லை. வெளுக்க வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நொதியைத்தான் குறிவைக்கின்றன. சிலது செம்பைப் பிடித்துக்கொள்ளும், சிலது டைரோசின் மாதிரி வேடம் போட்டு நொதிக்குள் புகுந்துகொள்ளும், சிலது உருவான டோப்பாக்வினோனைத் திரும்பவும் டோப்பாவாக்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு தடை இருக்கிறது. தோலின் மேற்படலம் இறந்த செல்களும் கொழுப்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாமல் இருப்பதே அதன் வேலை. போஸ், மெய்னார்டி என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் 2000-இல் ஒரு விதியைச் சொன்னார்கள்: 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு சாதாரணத் தோலைத் தாண்டி உள்ளே போவது மிகவும் கடினம். விட்டமின் சி-யின் எடை 176. நியாசினமைடு 122. கோஜிக் அமிலம் 142. இவை போகும். கொலாஜனின் எடை மூன்று லட்சம். கொலாஜன் சீரம் என்று எழுதி விற்கிறவர்கள் இந்தக் கணக்கை வாசித்திருக்கிறார்களோ என்னவோ. அது தோலின் மேலே படலமாக நின்று ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான்.

சீரம் என்ற வடிவம் க்ரீமைவிட ஏன் பிடித்துப்போனது என்பதற்கும் காரணம் உண்டு. எண்ணெய் குறைவு, செயல்படும் பொருளின் செறிவு அதிகம். கடற்கரைப் புழுக்கத்தில் கெட்டியான க்ரீமைப் பூசிக்கொண்டு பத்து நிமிடம் இருக்க முடியாது. அந்த வகையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் ஏற்ற வடிவம்தான்.

இப்போது விட்டமின் சி. பெரும்பாலான விலங்குகள் இதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கு அந்த மரபணு பழுதாகிவிட்டதால் நெல்லிக்காயையும் கொய்யாவையும் நம்ப வேண்டியிருக்கிறது. சாப்பிடும் விட்டமின் சி-யில் தோலுக்கு வந்து சேர்வதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனால்தான் மேலே பூசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னல் குழு 2001-இல் பன்றித் தோலில் சோதித்து மூன்று விஷயங்களைச் சொன்னது. திரவத்தின் அமிலத்தன்மை பி.எச். 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அது உள்ளே போகும். 20 சதவீதத்துக்கு மேல் செறிவைக் கூட்டிப் பயனில்லை. உள்ளே போனது பாதியாகக் குறைய சுமார் நான்கு நாள் ஆகும். அதாவது 30 சதவீதம் என்று போட்டு விலையேற்றினால் அந்தக் கூடுதல் எரிச்சலுக்குத்தான் காசு.

உள்ளே போன விட்டமின் சி இரண்டு வேலை பார்க்கிறது. நிறமி உருவாகும் பாதையில் டோப்பாக்வினோனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வெயிலால் தோலுக்குள் உண்டாகும் ஆக்சிஜன் வெறிமூலக்கூறுகளையும் அடக்குகிறது. விட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் சேர்த்தால் வெயிலுக்கு எதிரான பாதுகாப்பு இரு மடங்காகிறது என்று அதே பின்னல் குழு 2005-இல் காட்டியது. முகத்தில் தெரியும் களைப்பு நிறம் குறைவது, சொரசொரப்பு குறைந்து ஒளி சீராகப் படுவது, பருத் தழும்பின் கருமை மங்குவது ஆகியவை இதிலிருந்து எதிர்பார்க்கக்கூடியவை.

ஆனால் விட்டமின் சி-யைப்போல முரண்டு பிடிக்கிற பொருள் வேறில்லை. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுவிடும். நிறமற்ற திரவம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். கெட்டுப்போன விட்டமின் சி-யிலிருந்து உண்டாகும் எரித்ருலோஸ் என்ற சர்க்கரை தோலில் பழுப்புச் சாயம் ஏற்றக்கூடியது. வெளிநாட்டில் வெயிலில் காயாமலே பழுப்பு நிறம் பெற விரும்புகிறவர்களுக்கு விற்கும் க்ரீமில் இதைச் சேர்க்கிறார்கள். மே மாதத்தில் குளியலறை ஜன்னலில் மூன்று மாதமாக நிற்கும் பாட்டிலைப் பூசிக்கொண்டால், எதற்காக வாங்கினோமோ அதற்கு நேர்மாறானது நடக்கும். அடர்ந்த நிறக் கண்ணாடி, இறுக்கமான மூடி, இருட்டான அலமாரி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுதல் ஆகிய நான்கும் முடியாது என்றால் விட்டமின் சி வேண்டாம்.

முரண்டு பிடிக்காத பொருள் ஒன்று இருக்கிறது: நியாசினமைடு. விட்டமின் பி-3-இன் ஒரு வடிவம். இதற்கும் தமிழருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்த விட்டமின் குறைந்தால் பெல்லாக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் கழுத்தும் கைகளும் கறுத்துத் தோல் உரியும். தக்காணத்தில் சோளத்தையே பிரதான உணவாகச் சாப்பிட்ட ஏழை மக்களிடம் இந்த நோய் ஏன் வருகிறது என்று ஐதராபாத்தில் துப்புத் துலக்கியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து அவர் 1960-இல் லான்செட் இதழில் எழுதியது, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தை நோக்கி விரல் நீட்டியது. உணவில் குறைந்தால் தோலைக் கறுக்க வைக்கும் அதே விட்டமினை மேலே பூசினால் கருமை குறைகிறது. ஆனால் இரண்டும் ஒரே வழியில் நடப்பவை அல்ல.

நியாசினமைடு டைரோசினேஸைத் தொடுவதே இல்லை. மெலனின் வழக்கம்போல உருவாகும். நிறமிச் செல்லிலிருந்து தோல் செல்லுக்கு அந்தப் பொதி கைமாறுவதைத்தான் இது தடுக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஹகோசாகியும் கூட்டாளிகளும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த செல்களிடையே இந்தக் கைமாற்றம் 35 முதல் 68 சதவீதம் வரை குறைந்தது. அதே ஆய்வில் முகத்தில் கரும்புள்ளியுள்ள பெண்களுக்கு 5 சதவீத நியாசினமைடு பூசியபோது சில வாரங்களில் புள்ளிகள் மங்கின. கூடவே தோலின் ஈரம் காக்கும் கொழுப்பும் பெருகுகிறது, எண்ணெய் வழிவதும் கொஞ்சம் குறைகிறது. பூசுவதை நிறுத்தினால் நிறம் பழையபடி வந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை என்பதும் ஏமாற ஒன்றுமில்லை என்பதும் அதே காரணத்தால்தான்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஹிந்துஸ்தான் லீவர் 1975-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லியின் சூட்சுமம் இந்த நியாசினமைடுதான். நம் பாட்டிமார் முகப்பூச்சில் இருந்ததுதான் பேத்தியின் சீரத்தில் இருக்கிறது. அந்த க்ரீமின் பெயரில் இருந்த ஃபேர் 2020-இல் நீக்கப்பட்டு குளோ ஆனது. கறுப்பழகு என்று சென்னையிலிருந்து 2009-இல் கவிதா இமானுவேல் தொடங்கிய இயக்கமும் அப்படிப்பட்ட எதிர்ப்புகளும் சேர்ந்துதான் அந்த மாற்றத்துக்குக் களம் அமைத்தன. பெயர்ப் பலகை மாறியது நல்லதுதான், ஆனால் பெண் பார்க்க வரும் வீட்டில் கேள்வி மாறியதாகத் தெரியவில்லை.

இனி நொதிக்குள் வேடம் போட்டு நுழையும் கூட்டத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும், மிகவும் பயமுறுத்தும் பகுதியும் இதுதான்.

அமெரிக்காவில் 1939-இல் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. தோல் பதனிடும் ரசாயனம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் உடனே வரும். ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூவர் விசாரித்ததில் குற்றவாளி கையுறை என்று தெரிந்தது. ரப்பர் சீக்கிரம் கெடாமல் இருக்க அதில் சேர்த்திருந்த மோனோபென்சோன் என்ற பொருள் தோலுக்குள் போய் நிறமிச் செல்களைக் கொன்றிருந்தது. அதன் வடிவம் டைரோசினை ஒத்தது. நொதி ஏமாந்து அதை உள்ளே வாங்கி மாற்ற, மாறி வந்த பொருள் விஷமாகிவிட்டது. வேறுவிதமாகச் சொன்னால், நிறமிச் செல்லின் சொந்த நொதியே தன் செல்லுக்கு விஷம் தயாரித்துக் கொடுத்தது.

நம் நாட்டுப் பெண்கள் இதை நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டியதில், பொட்டின் அளவுக்கே வட்டமாக நெற்றி வெளுத்த பெண்களைப் பற்றி இந்தியத் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படியொரு நெற்றியைப் பார்த்திருப்பீர்கள். வெண்புள்ளி என்று நினைத்துக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் உண்டு.

ஜப்பானில் கானெபோ நிறுவனம் ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து வெளுக்கும் பூச்சுகளை விற்றது. அரசு அனுமதி பெற்ற பொருள். வெளுத்தது உண்மைதான், ஆனால் கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் திட்டுத் திட்டாக, நிறமிச் செல் செத்துப்போய் வெளுத்தது. 2013 ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் 19,000 பேருக்கு மேல். ஒழுங்குமுறைக்குப் பேர்போன நாட்டிலேயே இது நடந்தது என்பதை, இன்ஸ்டாகிராமில் பார்த்ததை உடனே ஆர்டர் போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஹைட்ரோகுவினோனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மங்குக்கு இன்றளவும் மருத்துவர்கள் நம்பும் மருந்து. 4 சதவீத அளவில் சில மாதம், மருத்துவர் மேற்பார்வையில் பூசினால் நன்றாக வேலை செய்யும். கணக்கில்லாமல் வருடக்கணக்கில் பூசினால் தோல் நீலம் கலந்த கறுப்பாகத் தடித்துப்போகும். தென்னாப்பிரிக்காவில் வெளுக்கும் க்ரீம் பூசிய பெண்களிடம் ஃபிண்ட்லே இதை 1975-இல் முதலில் விவரித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் அழகுசாதனங்களிலிருந்து இதை விலக்கிவிட்டது. ஒரு நல்ல சீரத்தில் ஹைட்ரோகுவினோன் இருக்கக் கூடாது. அது மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய பொருள்.

இந்த வரிசையில் சாதுவான உறவினர் ஒருவரும் உண்டு: அசெலாயிக் அமிலம். முதுகிலும் மார்பிலும் தேமல் வந்தால் அந்த இடம் வெளிறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தேமலுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பை உடைத்து உண்டாக்கும் அமிலங்கள் டைரோசினேஸை அடக்குவதை ரோமில் நாஸாரோ-போரோவும் பாஸ்ஸியும் 1978-இல் கண்டறிந்தார்கள். அவற்றில் ஒன்றான இதைத் தனியாகத் தயாரித்துப் பூச்சாக்கினார்கள். அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்லைத்தான் அது தேடிப் பிடிக்கிறது, சாதாரணச் செல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பருவையும் குறைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் தயங்காமல் தரும் சில பொருள்களில் ஒன்று. விளம்பரத்தில் இதன் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு யார் விளம்பரம் செய்வார்கள்?

டிரானெக்ஸாமிக் அமிலத்தின் கதையும் விந்தையானது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக அரசு மருத்துவமனைகளில் ஏற்றப்படும் மருந்து. ஜப்பானில் நிஜோ சடாகோ என்ற மருத்துவர் 1979-இல் தடிப்பு நோய்க்கு இதைக் கொடுத்தபோது அந்த நோயாளியின் மங்கும் மங்கிவிட்டதைக் கவனித்தார். இப்போது மாத்திரையாகவும் சீரமாகவும் மங்குக்குப் பயன்படுகிறது. ரத்தம் உறைவதோடு தொடர்புள்ள மருந்து என்பதால் மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

கோஜிக் அமிலம், அர்பியூட்டின், அதிமதுரச் சாறு ஆகியவையும் சீரங்களில் வருகின்றன. எல்லாமே நொதியைச் சற்று மந்தப்படுத்துபவை. இவற்றின் பலன் நிதானமானது. பழ அமிலங்கள் இறந்த செல்களை உதிர்த்துத் தோலைப் பளபளப்பாக்கும்.

இவ்வளவு பொறுமையாக வேலை செய்யும் பொருள்களுக்கு நடுவே, ஒரு வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். அடிவரிசையில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகிறது. ஏற்கெனவே நிறமியை வாங்கிக்கொண்ட செல்கள் எல்லாம் உதிர்ந்து புதியவை வர வேண்டும். எனவே எந்த நேர்மையான சீரமும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கேட்கும். ஒரு வாரத்தில் வெளுத்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், அல்லது பாதரசம் இருக்கலாம்.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கி, நிறமியையும் குறைத்து உடனடியாக முகத்தைப் பளிச்சென்று காட்டும். சில மாதத்தில் தோல் தாள்போல மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து திரும்பவும் பூசுவார்கள். இந்தியாவில் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். பலருக்கு அது ஸ்டீராய்டு என்றே தெரியாது. மத்திய அரசு 2018-இல் 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் தெருமுனை மருந்துக்கடையில் பெயர் சொன்னால் ட்யூபை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை.

பாதரசம் இதைவிட மோசம். நொதியின் செம்பு இடத்தை அது பிடித்துக்கொள்வதால் நிறமி நிற்கிறது, ஆனால் தோலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக வடிகட்டி நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புள்ள அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். உடம்பெல்லாம் வீங்கி, சிறுநீரில் நுரை போக வந்தவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் இத்தகைய பூச்சில் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. தயாரித்தவர் முகவரி இல்லாத, எந்தப் பொருள் இருக்கிறது என்றே போடாத டப்பாவுக்கு விதியும் தெரியாது, உங்கள் சிறுநீரகமும் தெரியாது.

இனி வெயில். இது இல்லாமல் சீரத்தைப் பற்றிப் பேசுவது வீண். நிறமிச் செல்லை வேலைக்குக் கிளப்பிவிடுவது புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் நீல நிறமும் நம்மைப் போன்ற மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். காலையில் சீரம் பூசி, பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் புதுச்சேரி ராஜீவ் காந்தி சிக்னலில் நின்றுவிட்டு வந்தால், பூசியதற்குப் பலன் ஒன்றுமில்லை. சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் மீன் விற்பவருக்கும் சன்ஸ்கிரீன் பற்றிப் பாடம் எடுப்பது அபத்தம். அவர்களுக்கு அகன்ற விளிம்புள்ள தொப்பியும் முந்தானையும் குடையும் சீரத்தைவிட நல்ல மருந்து. கோரிமேட்டுக் காவலர் மைதானத்தில் பயிற்சி எடுக்கும் காவலர்கள் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கெப்பி, பிரெஞ்சுக் காலத்து அழகான அடையாளம்தான். ஆனால் அதன் குட்டி விளிம்பு கன்னத்தைக் காப்பாற்றாது.

வசதியுள்ளவர்கள் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசலாம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும். பெரும்பாலோர் அதில் பாதிகூட எடுப்பதில்லை. மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனை வாங்கினால் நீல ஒளியும் தடைபடும். மாதச் செலவுக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் சீரத்தை விட்டுவிட்டுச் சன்ஸ்கிரீனை வாங்குங்கள்.

ஆகவே சீரம் எதுவரை போகும்? பருவோ கொசுக்கடியோ ஆறிய பிறகு விட்டுப்போன கருமையை மங்க வைக்கும். வெயிலில் கறுத்த முகத்தை உங்கள் முன்கையின் உட்பக்கத்தில், வெயில் படாத இடத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அந்த நிறம்வரை கொண்டுவரும். மங்குத் திட்டைக் கட்டுக்குள் வைக்க உதவும், வேரோடு எடுக்காது. கர்ப்பகால ஹார்மோன், கருத்தடை மாத்திரை, பரம்பரை, வெயில் என்று அதற்குப் பல காரணம் உண்டு. முன்கையின் உட்பக்கத்து நிறத்தைத் தாண்டி எந்தச் சீரத்தாலும் பத்திரமாகப் போக முடியாது. அது மரபணு எழுதி வைத்த நிறம். அதையும் தாண்டிப் போகிறேன் என்று ஒரு பாட்டில் சொன்னால், மேலே சொன்ன கையுறையையும் பொட்டையும் கானெபோவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குகிறவர்கள் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் தொடங்குங்கள். 5 சதவீத நியாசினமைடு நல்ல ஆரம்பம். காதுக்குப் பின்னால் மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு பூசினால் நம் தோலில் அந்த எரிச்சலே புதுக் கருமையாக மாறும். கர்ப்பமாக இருந்தால் ரெட்டினாய்டு என்று எழுதியிருக்கும் எதையும் தொடாதீர்கள். மூன்று மாதம் பூசியும் மாற்றமில்லை என்றாலோ, கருமை திடீரென்று பரவினாலோ, கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்தாலோ சீரத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கழுத்துக் கருமை பல சமயம் சர்க்கரை நோயின் முன்னறிவிப்பு, அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். ஜிப்மரோ உங்கள் ஊர் அரசு மருத்துவமனையோ, தோல் பிரிவுக்குப் போங்கள். போகும்போது இதுவரை முகத்தில் பூசிய ட்யூபையும் பாட்டிலையும் காலியானதாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளை ட்யூப், பச்சை எழுத்து என்று சொன்னால் எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது.